கூடைக்குள் இரண்டு வாத்து!

தூத்துக்குடியில் ஒரு பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை. நீரூற்றுத் தொட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டம். நடுவில் பனையோலைக் கூடை. அதிலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தன இரண்டு வெள்ளை வாத்துகள்.

குஞ்சாக வாங்கி வளர்த்தவர் ஒரு பெண். "வாத்து இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்" என்று வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டாராம். யாருக்கும் தெரியாமல் தொட்டியில் விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். வாத்துகள் சும்மா இருந்தால்தானே? கத்திய கத்தலில் பூங்காவே கூடிவிட்டது!

ஒரு சிறுவன் கையிலிருந்த மக்ரூனை நீட்டினான்.

"ஏலே, முட்டை வெள்ளைக்கருவுல செஞ்சத வாத்துக்கே குடுக்கியா?" என்று சிரித்தபடி தடுத்தார் உப்பளத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். "இனிப்பு, பிரெட்டெல்லாம் ஆகாது. வயிறுதான் நிறையும், சத்து கிடையாது. தவிடு, நெல்லு, கீரை, நத்தை... இதான் அதுக்குச் சாப்பாடு."

"அப்போ உப்பளத்துல விட்டுரலாமா தாத்தா? பூநாரைங்ககூட ஜாலியா இருக்கும்!"

"பூநாரைக்கு உப்புத்தண்ணி பழக்கம். இதுக்கு நல்ல தண்ணி வேணும். பூநாரை ஆபத்து வந்தா பறந்துரும். இது பறக்குமா?"

கூட்டம் அமைதியானது. அவர் சொன்னது சரிதான். காட்டு வாத்தின் வழிவந்தவை என்றாலும், வீட்டு வாத்துகள் தலைமுறை தலைமுறையாக மனிதர்களிடம் வளர்ந்தவை. கனத்த உடம்பு, உயரப் பறக்க முடியாது. இரவில் ஒரு நாய் வந்தால் போதும், கதை முடிந்துவிடும். அவற்றுக்கு நோய் இருந்தால், அது காட்டுப் பறவைகளுக்கும் பரவலாம்.

"நான் என்ன செய்ய அண்ணாச்சி?" அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்தது.

பெரியவர் போனை எடுத்தார். ஏரலில் இருக்கும் தங்கையிடம் பேசினார். வயல், வாய்க்கால், ராத்திரி அடைக்கக் கூண்டு எல்லாம் அங்கே உண்டு. "கொண்டுவாங்க" என்று பதில் வந்தது.

கூடையைக் கொடுத்துவிட்டு நாலு எட்டு நடந்தவர், திரும்பி வந்தார்.

"ஒண்ணுக்குத்தான் கோவம் ஜாஸ்தி. தலையத் தடவுனா அடங்கிரும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

குஞ்சு வாங்கும்போது அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வளர்ந்த பிறகும் அதற்கு வீட்டில் இடம் இருக்குமா என்பதை, வாங்கும் முன்பே யோசித்துவிடுவது நல்லது!