ரிஸ்க் எவ்வளவுன்னு கேக்காதீங்க, எத்தனை நாளைக்குன்னு கேளுங்க

நம்ம சேனலுக்கு ரெண்டு கேள்வி மாறி மாறி வருது. ஒண்ணு: "ஆப்பைத் திறந்தாலே ஒரே சிவப்பு, எஸ்ஐபியை நிறுத்திடவா?" இன்னொண்ணு: "லாங் டெர்ம்ல ரிஸ்க்கே இல்லையாமே, சேமிப்பு மொத்தத்தையும் ஷேர்ல போட்டுடவா?"

என்னைக் கேட்டா, ரெண்டு பேரும் செய்யறது ஒரே தப்பு. பணம் தேவைப்படுற தேதி ஒண்ணு, ரிஸ்க்கை அளக்குற காலம் வேற ஒண்ணு.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6% விழுந்தது. தினமும் பார்த்தவருக்கு அது பூகம்பம். ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கிறவருக்கு? மே 31-லிருந்து ஜூன் 7-க்குள்ள நிஃப்டி 3%-க்கு மேல ஏறியிருந்தது! சந்தை ஒண்ணுதான், பார்த்த இடைவெளிதான் வேற.

இப்போ சின்னக் கணக்கு. ஏற்ற இறக்கத்தை ஸ்டாண்டர்ட் டீவியேஷன் வெச்சு அளப்பாங்க. ஒரு இண்டெக்ஸுக்கு அது தினசரி 1%னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 250 வர்த்தக நாள், அதனால 250%னு ஆகாது. ஏறுற நாளும் இறங்குற நாளும் ஒண்ணையொண்ணு ஓரளவு ஈடுகட்டிடும். அதனால 250-ன் வர்க்கமூலத்தால பெருக்கணும். அது சுமார் 16. ஆக, வருஷத்துக்கு 16%.

இதே கணக்குல 10 வருஷம் போனா, சராசரி வருட வருமானத்தோட ஊசலாட்டம் 5% அளவுக்குக் குறையும். "லாங் டெர்ம்ல ரிஸ்க் இல்ல"ன்னு சொல்றவங்க இந்த இடத்துல நிறுத்திடுவாங்க. நாம கொஞ்சம் மேல போவோம். நீங்க எதிர்பார்த்தது 12%, கிடைச்சது 7%னா, 1 லட்சம் 3.1 லட்சமா ஆகாம 1.97 லட்சத்துல நின்னுடும். சராசரி சீரானாலும் கையில வர்ற தொகை சீராகல. அந்த வித்தியாசம் உங்க பொண்ணோட காலேஜ் ஃபீஸா இருக்கலாம்.

அதோட, சந்தை இந்தக் கணக்குக்கு எப்பவும் கட்டுப்படாது. 2008 ஜனவரியில் 6,300-ஐ நெருங்கிய நிஃப்டி, அக்டோபர்ல 2,500 பக்கம் வந்தது. அதாவது 60% சரிவு. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் ஆச்சு. 10 வருஷத் திட்டம் வெச்சிருந்தவருக்கு அது ஒரு பள்ளம். 2009-ல வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்னு இருந்தவருக்கு? வீடே போச்சு.

இண்டெக்ஸாவது திரும்பி வந்தது. தனி ஷேருக்கு அந்த உத்தரவாதமும் இல்ல. யெஸ் பேங்க் ஷேர் 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய் பக்கம் இருந்தது. 2020 மார்ச்ல ஒரு கட்டத்துல 10 ரூபாய்க்கும் கீழே போச்சு. அதுக்கப்புறம் பழைய விலைக்குக் கிட்டகூட வரல. பொறுமை இருந்தா எல்லாம் சரியாகும்ங்கறது எல்லாத்துக்கும் பொருந்தாது.

அதனால, ஒவ்வொரு முதலீட்டுக்கும் பக்கத்துல ஒரு தேதி எழுதுங்க. 3 வருஷத்துக்குள்ள தேவைப்படுற கல்யாணச் செலவு, கார், வீட்டு அட்வான்ஸ் எல்லாம் ஆர்டி, எஃப்டி பக்கம் இருக்கட்டும். வட்டி கம்மிதான், ஆனா அந்தத் தேதியில பணம் இருக்கும். 10 வருஷப் பணத்துக்கு தினசரி விலையைப் பார்க்காதீங்க. அந்த ஃபண்டோட ரோலிங் ரிட்டர்ன்ஸ் எடுத்து, மோசமான 10 வருஷம் எவ்வளவு குடுத்ததுன்னு பாருங்க. அந்தத் தொகை போதுமா? போதாதுன்னா எஸ்ஐபியை ஏத்துங்க. தேதி நெருங்க நெருங்க, கடைசி 2, 3 வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா பணத்தை வெளிய எடுங்க.

ஆப் காட்டுற சிவப்பு இன்னைக்கு விலை. உங்க ரிஸ்க், நீங்க எழுதப்போற அந்தத் தேதியில இருக்கு.