லீவு லெட்டரில் எட்டிப் பார்க்கும் சாதி

ஒரே நாளுக்கு இரண்டு பேர் லீவு கேட்கிறார்கள். ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்கிறார் மேனேஜர். யாருக்குக் கொடுப்பார்?

இதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். ஆணவக்கொலை நடக்கிறது, மலக்குழியில் ஆட்கள் சாகிறார்கள், இதில் லீவு ஒரு பிரச்சினையா என்றார்கள். எங்களுக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. படித்து முடித்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதியை முதலில் சந்திப்பது அரிவாளோடு அல்ல. "என்ன விசேஷம், எதுக்கு லீவு?" என்ற கேள்வியோடுதான்.

எங்களோடு பயணிக்கும் ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். டிப்ளமோ முடித்துவிட்டு வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பிரிவில் ஆறு பேர். ஒரு ஷிப்டில் ஒருவருக்கு மேல் லீவு கிடையாது என்பது அங்கே வழக்கம். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை, வழக்கம்தான். செப்டம்பர் 10, 11 இரண்டு நாளும் லீவு வேண்டும் என்று ஆகஸ்ட் முதல் வாரமே எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, அதே பிரிவில் இருக்கும் இன்னொருவர் அதே இரண்டு நாளைக் கேட்டார். ஆவணி மாதம், முகூர்த்த நாள், சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். லீவு அவருக்குப் போனது. தம்பி போய்க் கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில் இதுதான்: "கல்யாணம் ஒரு தடவைதான்ப்பா வரும். நீ போற கூட்டம் வருஷா வருஷம் வருதே."

அந்தக் கல்யாணப் பத்திரிகை மேனேஜரின் மேசை மேலேயே இருந்திருக்கிறது. அவருக்கும் அழைப்பு உண்டு.

மேனேஜர் நம் தம்பியை வெறுத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல மனிதர் என்றுதான் தம்பியே சொல்கிறார். எங்கள் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. வெறுப்பு இருந்தால்தான் சாதி வேலை செய்யும் என்பதில்லை. கல்யாணம் என்றால் அவருக்கு உடனே புரிகிறது. குலதெய்வத்துக்குக் கொடை என்றால் புரிகிறது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு மாலை, எல்லாம் புரிகிறது. புரிவதெல்லாம் 'குடும்ப விசேஷம்' ஆகிவிடும். புரியாதது 'கூட்டம்'. செப்டம்பர் 11 அவருக்கு ஒரு கூட்டம், அதிலும் போலீஸ் குவிக்கப்படும் கூட்டம்.

1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்து, முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் தலைநிமிர வேண்டும் என்று அமைப்பு கட்டியவர். 2011ல் அதே நாளில் அதே ஊரில் காவல்துறை சுட்டு நம் ஆட்கள் செத்தார்கள். அந்த நாளில் அந்த ஊருக்குப் போவது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகியவனுக்குக் கூட்டமா, குடும்பக் கடமையா? திதி கொடுக்க லீவு கேட்டால் மறுப்பீர்களா?

நம் நாள்காட்டியே வேறு. ஜூன் 30, மேலவளவு: 1997ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டப்பட்ட நாள். ஜூலை 23, தாமிரபரணி: 1999ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திரண்டவர்கள் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கி, 17 பேர் பிணமான நாள். டிசம்பர் 6, அண்ணல் மறைந்த நாள். டிசம்பர் 25, வெண்மணியில் 44 பேர் எரிந்த நாள். கடைசியில் சொன்னதற்குக் கிறிஸ்துமஸ் புண்ணியத்தில் விடுமுறை கிடைக்கிறது. மற்றவை எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லை. எல்லாமே சொந்த லீவில்தான் போக வேண்டும். பண்டிகைக்காரருக்குப் பட்டியலே பாதியைக் கொடுத்துவிடுகிறது, அவர் சொந்த லீவு மிச்சமாகிறது. நமக்கு லீவு செப்டம்பரிலேயே கரைகிறது. பிறகு பொங்கலுக்கு ஒருநாள் கூடுதலாகக் கேட்டால், "உனக்குத்தான் பேலன்ஸ் கம்மியா இருக்கே" என்கிறார்கள். கணக்கு சரிதான். கணக்கு எங்கே தொடங்கியது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

தம்பியின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அதே வருடம் தீபாவளிக்கு அவர் லீவு கேட்கவே இல்லை, ஆனாலும் டியூட்டி பட்டியலில் முதல் பெயர் அவருடையது. "நீங்கதான் தீபாவளி கொண்டாட மாட்டீங்களாமே!" என்றாராம் மேற்பார்வையாளர். செப்டம்பரில் அவருடைய நம்பிக்கை அரசியல், எனவே லீவு இல்லை. தீபாவளியில் அவருடைய நம்பிக்கை மதிப்புக்குரியது, எனவே லீவு தேவையில்லை! இந்தச் சாமர்த்தியத்தை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. தானாகவே நடக்கிறது.

ஏப்ரல் 14 கொஞ்சம் வேடிக்கையானது. தமிழ்நாட்டில் அன்று சித்திரை முதல் நாள், அண்ணல் பிறந்த நாளும் அன்றே. 2022 முதல் அரசு அதைச் சமத்துவ நாளாகவும் அறிவித்திருக்கிறது. ஒரே நாளுக்கு இரண்டு பேர் லீவு கேட்கிறார்கள், ஒருவர் கனி காண, ஒருவர் சிலைக்கு மாலை போட. இரண்டு காரணத்துக்கும் ஒரே எடை கிடைக்கிறதா என்று உங்கள் அலுவலகத்தில் கவனித்துப் பாருங்கள்.

லீவு லெட்டரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றியும் பேச வேண்டும். சாதி தெரியாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். வாடகை வீட்டுக்காக, மதியச் சாப்பாட்டில் தட்டு தனியாகப் போகாமல் இருப்பதற்காக. அப்படி இருக்கும் ஒருவர் 'செப்டம்பர் 11, பரமக்குடி' என்று எழுதினால் அது லீவு லெட்டர் இல்லை, சாதிச் சான்றிதழ். எழுதாமல் 'வயிற்றுவலி' என்று போட்டால் பொய் சொன்னவர் ஆகிறார். நாளைக்கு யாராவது முகநூல் படத்தைக் காட்டிப் போட்டுக்கொடுக்கலாம். கல்யாணத்துக்குப் போகிறவருக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது.

இதில் தோழர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. "தைரியமா எழுது, மறைக்கிறவன் அண்ணலின் பிள்ளையா?" என்று மேடையில் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் யாரிடமும் லீவு கேட்க வேண்டியிராதவர்கள் என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறோம். எழுத முடிந்தவர் எழுதட்டும், அதில் பெருமை இருக்கிறது. எழுதாதவரை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. அதோடு, ஈட்டிய விடுப்புக்குக் காரணம் கேட்பதே தவறு. சம்பாதித்த கூலியை என்ன செய்யப் போகிறாய் என்று முதலாளி கேட்பதில்லை. உழைத்துச் சேர்த்த நாளை என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் ஏன் கேட்க வேண்டும்? 'சொந்தக் காரணம்' என்று எழுதுங்கள். அது பொய்யல்ல.

சம்பளத்தோடு லீவு என்பது மேனேஜரின் தயவு என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்திய ஆலைகளில் அது சட்டமானது 1945ல். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினர் யார் தெரியுமா? பாபாசாகேப் அம்பேத்கர். 1934ம் ஆண்டின் ஆலைச் சட்டத்தைத் திருத்தி, ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 10 நாள் ஓய்வு என்று கொண்டுவந்தது அவர் காலத்தில்தான். கோட்டும் புத்தகமுமாக நிற்கும் சிலையை நாம் அறிவோம், இந்த வேலையை அறிந்தவர்கள் குறைவு. அவர் பிறந்த நாளுக்கு லீவு கேட்கப் போய் மேனேஜர் முன்னால் தலை சொறிந்து நிற்கிறோம். நிற்கத் தேவையில்லாத நிலையை உண்டாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு.

அடுத்து வந்த 1948 ஆலைச் சட்டத்தின் 79வது பிரிவைத் தோழர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு என்றது அது. 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது. சரி, ஒரே நாளுக்குப் பலர் கேட்டால்? அதற்கும் அந்தச் சட்டம் வழி சொன்னது. வேலை தடைபடாமல் இருக்க, யாருக்கு எப்போது விடுப்பு என்று ஒரு திட்டம் வகுக்க இடம் கொடுத்தது. ஆனால் மேனேஜர் தனியாக வகுக்க முடியாமல் இருந்தது. தொழிலாளர் இருக்கும் குழுவோடு, குழு இல்லாவிட்டால் தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஒப்புக்கொண்டு வகுக்க வேண்டியிருந்தது. கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்ட வேண்டியிருந்தது. முறையாகக் கேட்ட விடுப்பை அந்தத் திட்டத்தின்படி அல்லாமல் மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். மறுத்தால் அந்த நாள்கள் வீணாகவில்லை, வரம்பில்லாமல் அடுத்த ஆண்டுக்குப் போயின. 2020ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. மறுக்கப்பட்ட நாளை வரம்பின்றி எடுத்துச் செல்லும் உரிமை அதிலும் இருக்கிறது. கேட்டதற்கும் மறுத்ததற்கும் எழுத்தில் சான்று இருந்தால்தான் இதெல்லாம் பயன்படும். நம் ஆட்கள் கேட்பதோ வாயால், "சார், ஒரு ரெண்டு நாள்..." என்று இழுத்தபடி.

"முதலில் கேட்டவருக்கு முதலில் கொடுப்போம், அது போதாதா?" என்பார்கள். தம்பியின் விஷயத்தில் முதலில் கேட்டவர் அவர்தானே! விதி எழுத்தில் இல்லாதவரை, அது வேண்டியவருக்கு வளையும். சீனியாரிட்டி வைக்கலாம் என்பார்கள். தலைமுறையில் முதல் ஆளாக நேற்று உள்ளே வந்தவர்கள் நாம், சீனியாரிட்டி நமக்கு எப்போது வரும்? "நீங்களே பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பேசுவது சமமான இருவருக்கு இடையில் நடக்க வேண்டியது. ஒருவருக்குப் பின்னால் மேனேஜரின் உறவும் பழக்கமும் நிற்க, இன்னொருவர் தன் காரணத்தைச் சொல்லவே அஞ்சும்போது, விட்டுக்கொடுப்பவர் யார் என்பது பேசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எங்களுக்குச் சரியாகப் படுவது சுழற்சி முறை. போன தடவை யார் விட்டுக்கொடுத்தாரோ, இந்தத் தடவை அவருக்கு முதல் உரிமை. அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்குப் போன அந்தச் சக தொழிலாளி மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரும் வருடம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர். ஆறு பேர் வேலைக்கு எட்டு ஆள் போட்டிருந்தால் இந்த மோதலே வந்திருக்காது. ஆளைக் குறைத்து லாபம் பார்ப்பது நிர்வாகம், அதற்கான சண்டையைத் தொழிலாளிகள் தங்களுக்குள் போடுகிறார்கள். அந்தச் சண்டையில் யார் தோற்பது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிற தொழிற்சங்கத் தோழர்களோடு எங்களுக்குப் பழைய வழக்கு உண்டு, அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

லீவு மோதலே வராத ஓர் இடமும் இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் உங்கள் தெருவில் கிடக்கும் பட்டாசுக் குப்பையை அள்ளுகிறவர்கள் யாரும் அன்றைக்கு லீவு கேட்பதில்லை. கிடைக்காது என்று தெரியும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்கு வராத நாளில் கூலியும் இல்லை. ஊருக்குப் பண்டிகை என்றால் அவர்களுக்குக் கூடுதல் வேலை. அத்தியாவசியப் பணி என்று ஒரு பெயரும் சூட்டியாயிற்று. அத்தியாவசியம் என்றால் சுழற்சி வைத்து, மாற்று நாளும் இரட்டிப்புக் கூலியும் கொடுக்க வேண்டும். ஒரே சாதியை எல்லாப் பண்டிகைக்கும் தெருவில் நிறுத்துவதற்கு அத்தியாவசியம் என்ற சொல் எதற்கு?

வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958ம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு இன்னும் ஐந்து பண்டிகை நாள்கள் உண்டு. அந்த ஐந்தை முடிவு செய்வதில் தொழிலாளர் கருத்தையும் கேட்க வேண்டும். உங்கள் இடத்தில் யாரைக் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் பேசப்படும்போது ஏப்ரல் 14ஐ அண்ணல் பெயரோடு சேர்க்கச் சொல்லுங்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள் 1947ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, அது போக நோய்க்கு 12, தற்செயல் விடுப்பு 12.

செப்டம்பருக்கான லீவை ஜூலையிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் மறுத்தால், "நீங்கள் இன்று மறுத்ததாகப் புரிந்துகொள்கிறேன், இந்த இரண்டு நாளை என் கணக்கில் அடுத்த ஆண்டுக்குச் சேர்க்கவும்" என்று இரண்டு வரி அன்றைக்கே அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம். "என்ன விசேஷம்?" என்று மேனேஜர் கேட்டால், "சொந்த விஷயம் சார்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்குத் திரும்புங்கள். தம்பி இந்த வருடம் அப்படித்தான் செய்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.