ஐ5-ன்னா எந்த ஐ5?

வீட்டுக்கு டெஸ்க்டாப் எது வாங்கலாம்னு கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்றது: பிராண்டுக்கு முன்னாடி பிராசசரோட தலைமுறையைப் பாருங்க. கடைக்காரர் "ஐ5 சார்"ம்பார். எங்க திருப்பூர்ல கவுண்ட், ஜிஎஸ்எம் கேட்காம வெறும் "காட்டன் துணி"ன்னு ஆர்டர் போடுவாங்களா? ஐ5 2009-லயே வந்தாச்சுங்க. ஐ5-7500 ஏழாவது தலைமுறை, ஐ5-8400 எட்டாவது. இன்டெல்ல எட்டுக்குக் கீழ பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. ஆபீஸ்ல கழிச்ச ஆப்டிபிளெக்ஸ் சல்லிசா வருதேன்னு ஏழாவதை வாங்கி, அதுல பேங்க் கணக்கைத் திறக்கறது எனக்குச் சரியாப் படலை. (லினக்ஸ் போடத் தெரிஞ்ச மக்கள் மன்னிக்க!) எட்டாவது, எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம், வீட்டுக்குத் தாராளம். மிச்சக் காசுல யூபிஎஸ் வாங்கிடுங்க. லேப்டாப் மாதிரி இதுக்குள்ள பேட்டரி இல்லைங்களே.