அம்மா போனில் டவர் இல்லையா?

சென்னையில் எனக்கு ஃபுல் டவர். அதே நெட்வொர்க் சிம்மை ஊரில் அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்தேன். வாசலுக்கு வந்தால்தான் லைன் கிடைக்கிறது. ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, ஆட்டோவைக் கூப்பிடப் பக்கத்து வீட்டு போன்தான் உதவியது. ஆஃபரை மட்டும் பார்த்தது என் தப்பு!

சிம் மாற்றும் முன், வேறு நெட்வொர்க் வைத்திருப்பவரை வீட்டுக்கு அழைத்து, அடுப்படிவரை நின்று பேசிப் பாருங்கள். 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், கவனம். நெட் தேவைப்படாத பெரியவர்களுக்கு, டிராய் உத்தரவால் வந்த கால், எஸ்.எம்.எஸ் மட்டும் உள்ள பேக்கைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பர் மாறாது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என டைப் செய்து, இடைவெளி விட்டு, மொபைல் எண்ணுடன் 1900-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் கோடு வரும். நம் ஊரில் அது 4 நாள்தான் செல்லும். பழைய பேலன்ஸ் கூடவே வராது. பேக் முடியும் சமயத்தில் மாறுங்கள்.