ஐதரசன் மாயையும் எமது தேவையும்

கடல்சூழ்ந்த நாட்டில் எரிபொருளுக்குப் பஞ்சமேது, நீரைப் பகுத்து ஐதரசனைப் பெற்று வாகனங்களையும் பார இயந்திரங்களையும் இயக்கலாமே என்னும் பேச்சு இன்று வலுப்பெற்று வருகின்றது. 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களின் செவிக்கு இது இனிப்பதில் வியப்பில்லை. 2023இல் தேசிய ஐதரசன் வழிவரைபடமும் வெளிவந்தது. ஆயின், கேட்க இனிப்பதெல்லாம் கணக்கில் நிற்பதில்லை.

ஐதரசன் ஆற்றலின் ஊற்றன்று. ஆற்றலைச் சுமக்கும் கலமே. ஒரு கிலோகிராம் ஐதரசனை மின்பகுப்பாற் பெற 50 முதல் 55 அலகு மின்சாரம் வேண்டும். அதனிடத்து அடங்கியிருப்பதோ 33 அலகு ஆற்றலே. அதனையும் பேரமுக்கத்தில் அடைத்து, எரிபொருட்கலத்திற் செலுத்திச் சில்லைச் சுழற்றுகையில், முதலிட்ட மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு தேறுவதே அரிது. அதே மின்சாரத்தை மின்கலத்திற் சேமித்தால் முக்காற்பங்களவு பயன்தரும். நுரைச்சோலை நிலக்கரி மின்சாரத்தால் ஐதரசன் செய்வோமாயின், டீசலினும் பன்மடங்கு காபனீரொட்சைட்டை வெளியேற்றியவராவோம். கொழும்பு வீதியில் நீராவி, நுரைச்சோலையிற் கரும்புகை. இதற்குத் தூய்மை என்று பெயரிடுவதா?

வெள்ளவத்தையை நோக்குக. காலி வீதியில் பஸ்கள் புகை கக்குகின்றன. கரையோரப் புகையிரதமும் டீசலிலேயே ஓடுகின்றது. நீர்மின்வலு பற்றி விமலசுரேந்திர தம் ஆய்வுரையை முன்வைத்தது 1918இல். நூற்றாண்டு கடந்தும் ஒரு மைல் இருப்புப்பாதையேனும் மின்மயமாகவில்லை. கூரையேறிக் கோழி பிடியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுவானா? சென்னைப் பெரம்பூரில் ஐதரசன் புகையிரதப் பெட்டி 2025இற் பரீட்சிக்கப்பட்டதே என்பர். உண்மை. ஆனால் இந்தியா தன் அகலப்பாதைகளிற் பெரும்பாலானவற்றை முன்னரே மின்மயமாக்கிவிட்டது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஐதரசனுக்கு இடமே இல்லை என்பது எம் வாதமன்று. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலே பாரந்தூக்கிகளுக்கு மின்கம்பி போதும். ஆயின் அங்கிருந்து சமுத்திரம் கடக்கும் கப்பலுக்கு அது போதாது. தென்னாபிரிக்காவின் மொகலாக்வெனாச் சுரங்கத்தில் 2022இல், 290 தொன் சுமக்கவல்ல பாரவூர்தியொன்று ஐதரசனைக்கொண்டு ஓட்டிக்காட்டப்பட்டது. மின்கம்பி எட்டாத இடமும் மின்கலம் தாங்காப் பாரமுமே அதற்குரிய களம்.

இன்னொரு சாரார், மன்னாரின் காற்றை ஐதரசனாக்கி ஏற்றுமதி செய்து டொலர் ஈட்டலாம் என்கின்றனர். நல்ல தேயிலையைக் கப்பலேற்றிவிட்டுத் தூளைக் குடித்த நாடு இது. 2020இல் திறக்கப்பட்ட 103.5 மெகாவாற்றுத் தம்பபவனிக்குப் பின்னரும் காற்றாலைகள் பெருகக் கண்டு, 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர். அவர்தம் நிலமும் கடலும் கொடுத்த காற்று பிறநாட்டு இயந்திரங்களை இயக்க, நாம் டீசலுக்குக் கடன் வாங்குவதோ?

முதலில் நிலக்கரியை அகற்றுக. புகையிரதத்தையும் பஸ்ஸையும் மின்மயமாக்குக. எஞ்சும் காற்றிலும் வெயிலிலும் ஐதரசன் செய்க. இவ்வரிசையைத் தலைகீழாக்கும் எத்திட்டமும் அந்நியர் நலத்திற்கானதே. அதனைக் கணக்கிட்டு மக்கள் முன் வைத்தல் பொறியியலும் பொருளியலும் கற்ற நம்மவர் கடன். அவர்கள் வாளாவிருந்தால், 2022இன் வரிசைகள் மீண்டும் நீளும்.