கரிசல் மண்ணில் மழலைக் கூடம்

நுழையும்முன்

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்கச் சாலைகளையும் ஆலைகளையும் எண்ணுவது வழக்கம். ஊரின் ஓரத்தில் குழந்தைகள் வரிசையாக அமர்ந்து உண்ணும் சிறிய அறையை அக்கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைக் காப்பது யார்? இது வீட்டின் கேள்வியா, நாட்டின் கேள்வியா? கோவில்பட்டி வட்டாரத்து வாழ்க்கையை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

வானம் பார்த்த பூமி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாத மானாவாரிப் பகுதி இது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்த்து, தை, மாசியில் அறுவடை செய்வர். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி எனப் பயிர்கள் பல. அவை அனைத்தும் நம்பியிருக்கும் மழையோ ஒன்றுதான். இந்நிலத்தின் வேளாண்மையை ஆராய்வதற்கென்றே 1901 ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது.

புஞ்சை நிலத்தைக் ‘காடு’ என்பது இப்பகுதி வழக்கு. களையெடுத்தல், பருத்தி எடுத்தல், மிளகாய்ப் பழம் பறித்தல் ஆகிய காட்டு வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடைபெறுகின்றன. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். ஆகவே, பொழுது புலரும்போதே புறப்பட வேண்டும். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் தீப்பெட்டித் தொழில் கைகொடுக்கிறது. மக்கள் வழக்கில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் கூடங்களில் குச்சி அடுக்குவோரும், தீப்பெட்டியில் குச்சி அடைப்போரும் பெரும்பாலும் பெண்களே. செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கிடைப்பதால், அழும் குழந்தைக்காக எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் தாயின் கூலி குறைகிறது.

தாய் எங்கு வேலை செய்தாலும் பச்சிளங் குழந்தைக்குப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. வெயில் காயும் வரப்போரத்து வேம்பின் நிழலும், மருந்து தோய்ந்த குச்சிகள் குவிந்த கூடமும் குழந்தை வளரும் இடங்கள் அல்ல.

முற்றத்தில் பிறந்த பள்ளி

இக்கேள்வியை உலகம் பல இடங்களில் எதிர்கொண்டுள்ளது. 1907 ஆம் ஆண்டில் உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட குழந்தைகளுக்காக மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் உலகெங்கும் பரவிய மாண்டிசோரி கல்விமுறையின் தொடக்கம், உழைப்பாளர் குழந்தைகளுக்கான காப்பகமே.

இந்தியாவில் தாராபாய் மோடக் அம்மையார் 1945 இல் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் சிற்றூரில் கிராமக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். பள்ளியைத் தேடிக் குழந்தைகள் வராதபோது, குழந்தைகள் வாழும் வீட்டு முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். வடமொழிகளில் ‘ஆங்கன்’ என்பது முற்றத்தைக் குறிக்கும். ‘அங்கன்வாடி’ என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது. தங்கையையும் தம்பியையும் பார்த்துக்கொள்வதற்காகவே மூத்த குழந்தைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பதை அவர் கண்டறிந்தார். எனவே, கைக்குழந்தைகளின் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்தார். இந்த இணைப்பே அவரது பணியின் உயிர்நாடி.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம், சிற்றூர்தோறும் குழந்தைகளுக்குச் சூடான உணவு கிடைக்க வழிவகுத்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ‘பால்வாடி’ என்றும் ‘டீச்சர்’ என்றும் மக்கள் உரிமையோடு அழைக்குமளவிற்கு மையமும் அதன் பணியாளரும் ஊரோடு ஒன்றிவிட்டனர்.

ஓர் அறையில் நடப்பவை

கருவுற்ற நாள்முதல் இரண்டு வயதுவரையுள்ள காலத்தை ‘முதல் ஆயிரம் நாள்கள்’ என்பர். கருவில் 270 நாள்கள், பிறந்தபின் 730 நாள்கள். மூளையும் உடலும் விரைந்து வளரும் இக்காலத்தில் நேரும் ஊட்டக்குறையைப் பிற்காலத்தில் ஈடுசெய்வது மிகக் கடினம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21 இன்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அரிசி தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் மாநிலத்தின் நிலை இது. வயிறு நிறைதல் வேறு, ஊட்டம் பெறுதல் வேறு என்பதனை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

அங்கன்வாடிப் பணியாளர் மாதந்தோறும் குழந்தையின் எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கிறார். கோடு மேல்நோக்கிச் சென்றால் நலம்; கிடைமட்டமாக நின்றால் எச்சரிக்கை; கீழிறங்கினால் உடனே கவனித்தாக வேண்டும். கருவுற்ற தாய்மார்க்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துமாவு வழங்கப்படுகிறது. இரண்டு வயது நிறைந்த குழந்தைகள் மையத்தில் சூடான மதிய உணவும் முட்டையும் பெறுகின்றனர். தடுப்பூசி நாளை நினைவூட்டுவதும் வளரிளம் பெண்களுக்கு நல்வாழ்வு அறிவுரை கூறுவதும் பணியாளரின் கடமைகளே.

உணவோடு கல்வியும் நடைபெறுகிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டம் பெயருக்கேற்ப விளையாட்டையே வழியாகக் கொண்டது. புளியங்கொட்டைகளைப் பெரியவை, சிறியவை எனப் பிரிக்கும் குழந்தை கணக்கின் அடிப்படையைக் கற்கிறது. கதை கேட்கும் குழந்தை சொற்களைச் சேமிக்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கும் குழந்தை பிறரோடு வாழப் பழகுகிறது. எழுத்தை விரைந்து எழுத வைப்பதே கல்வி என்று கருதும் பெற்றோர் இதனை ‘வெறும் விளையாட்டு’ என எண்ணி, சிற்றுந்து ஏற்றி நகரத்து மழலையர் பள்ளிக்கு அனுப்புகின்றனர். கையெலும்பும் தசையும் முதிராத வயதில் எழுத வற்புறுத்துவதைக் குழந்தைக் கல்வியாளர்கள் ஏற்பதில்லை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

கதவு திறக்கும் நேரம்

இத்தனை சிறப்புகள் இருந்தும், கரிசல் நாட்டுத் தாயின் தேவையை மையம் முழுமையாக நிறைவுசெய்யவில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, நேரம். காட்டு வேலைக்குச் செல்பவர் விடியலில் புறப்படுகிறார். மையத்தின் கதவோ அதன்பின்னரே திறக்கிறது. இரண்டாவது, வயது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு எடை பார்க்கவும் சத்துமாவு வழங்கவும் மையத்தில் இடமுண்டு. பகல் முழுதும் இருக்க இடமில்லை. மிகுந்த பாதுகாப்பு தேவைப்படும் வயதினரே வெளியே நிற்கின்றனர்.

சட்டங்கள் இவ்விடைவெளியை முற்றும் மறந்துவிடவில்லை. பெண் தொழிலாளர் முப்பதின்மருக்கு மேல் உள்ள ஆலைகளில் குழந்தைகள் காப்பறை வேண்டும் எனத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. 2017 ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைக் கவனிக்கப் பெண் ஒருவரை அமர்த்தக் கூறியது. ஆயினும், பத்துப்பேர் வேலை செய்யும் சிறு கூடத்திற்கும், வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைக்கும், ஒருவர் நிலத்தில் ஒருநாள், இன்னொருவர் நிலத்தில் மறுநாள் எனச் செல்லும் கூலி வேலைக்கும் இவ்விதிகள் எட்டுவதில்லை. உழைப்பாளியை எண்ணிக் காப்பகம் அமைக்கும் முறை இங்குப் பயன்படாது. குழந்தையை எண்ணியே அமைத்தல் வேண்டும்.

விலை கொடுப்பவர் யார்?

காப்பகம் இல்லாத ஊரிலும் குழந்தைகள் வளரத்தான் செய்கின்றனர். அவ்வளர்ப்பின் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சில வீடுகளில் முதுமையடைந்த பாட்டி. சில வீடுகளில் வேலையைத் துறந்த தாய். பல வீடுகளில் மூத்த மகள். கரிசல் வட்டாரத் தீப்பெட்டிக் கூடங்களில் ஒரு காலத்தில் சிறார் உழைத்தனர். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசித் தொழில்கள் தொடர்பான வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அந்நிலை மாறத் துணைநின்றன. தீப்பெட்டி அடைத்த சிறுமியைச் சட்டம் கண்டது. தம்பியை இடுப்பில் சுமந்தபடி வாசலில் நிற்கும் சிறுமி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பருத்தி எடுக்கும் மாதத்தில் வகுப்பில் காலியாகும் இருக்கைகள் அவளுக்குரியவை.

குழந்தை வளர்ப்பு குடும்பத்தின் கடமை. அதில் அரசுக்கு என்ன வேலை என்று சிலர் வினவுவர். பாட்டியின் மடிக்கு ஈடாக எந்த நிறுவனமும் இல்லை என்பர். பாட்டியின் அன்பை மறுப்பார் இல்லை. எனினும், கரிசல் நாட்டுப் பாட்டிமார் பலர் இன்றும் கூலிக்குச் செல்கின்றனர் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. மேலும், ஆறு வயது நிறையும்வரை அனைத்துக் குழந்தைகளுக்கும் பேணலும் கல்வியும் வழங்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 45 ஆம் பிரிவு கூறுகிறது. குடும்பத்தின் இடத்தைப் பறிப்பதற்கன்று, குடும்பம் தளராமல் நிற்பதற்கே காப்பகம்.

செலவு மிகும் என்பது மற்றொரு தடை. காப்பகமும் அங்கன்வாடியும் இணைந்த மையங்களை அமைக்க ‘பால்னா’ என்னும் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய கட்டடங்கள் எல்லா ஊர்களுக்கும் தேவையில்லை. இருக்கும் மையத்தில் கூடுதலாக ஒரு பணியாளரும், தொட்டில்களும், விடியல் முதல் மாலைவரை திறந்த கதவும் இருந்தால் தொடங்கிவிடலாம். கட்டடம் எழுப்பும் இடங்களில் மண்ணின் இயல்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலில், அடித்தளம் உறுதியாக அமையாவிடில் சில ஆண்டுகளிலேயே சுவரும் தரையும் விரிசலுறும். விரிசல் விழுந்த தரையில் தவழும் குழந்தையை அமர்த்தல் ஆகாது.

கூடுதல் நேரத்தைப் பழைய பணியாளரின் தோளிலேயே ஏற்றுவதும் முறையன்று. எடை, உணவு, பாடம், கணக்கெடுப்பு எனப் பல பணிகளைச் சுமக்கும் இவர்களை நெடுங்காலமாக மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே நாடு கருதி வந்துள்ளது. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையைப் பேணுவதும் உழைப்பே என்பதை ஏற்றுக்கொள்ளும் சமுதாயமே அவ்வுழைப்பிற்குரிய ஊதியத்தையும் வழங்கும்.

விதைப்புக்கு முன் மழையின் நாளைக் கணித்து ஏரைச் செம்மை செய்து வைப்பவர் கரிசல் நிலத்து உழவர். பருவம் தவறினால் பயிர் இல்லை என்பதை அவர்கள் நன்கறிவர். மனித வாழ்விலும் முதல் ஆறாண்டுகள் அத்தகைய பருவமே. கோவில்பட்டிச் சுற்றுப்புறத்தின் ஒவ்வொரு சிற்றூரிலும், முதல் பேருந்து புறப்படுமுன் மழலைக் கூடத்தின் கதவு திறக்க வேண்டும். அன்று தாய் கவலையின்றி வேலைக்குச் செல்வாள். அவளுடைய மூத்த மகள் புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்வாள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் அங்கன்வாடி மையத்திற்குச் சென்று, அங்கு ஒருநாளில் நடைபெறும் பணிகளை நேர வரிசையில் தொகுத்து எழுதுக.
2. ‘குழந்தை வளர்ப்பு குடும்பத்தின் கடமையா, சமுதாயத்தின் கடமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.