மலையைக் குத்தகைக்கு விடலாமா?

நம் சிற்றூர்களில் நிலம் கைமாறுவதற்கு மூன்று வழிகள் உண்டு. கிரயம் என்றால் நிலம் போய்விட்டது, இனித் திரும்பாது. ஒத்தி என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று நிலம் மீண்டு வரும். குத்தகை என்றால் உடையவர் ஒருவர், உழுபவர் வேறொருவர். தவணை முடிந்ததும் நிலத்தை நிலமாகவே ஒப்படைத்துவிட வேண்டும். எழுத்தறியாத உழவரும் இவ்வேறுபாட்டை அறிவார். குத்தகைக்கு எடுத்த வயலின் மேல்மண்ணை வெட்டி விற்றுவிட்டு, பள்ளத்தை உடையவரிடம் ஒப்படைப்பவரை எந்த ஊராவது ஏற்குமா?

ஆனால் நம் நாட்டின் சட்டப் புத்தகம் இதை ஏற்கிறது. ஏற்பது மட்டுமன்று, அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறது: சுரங்கக் குத்தகை. ஒரு மலையின் முகட்டை வெட்டி, அதிலுள்ள கனிமத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சிய மண்மேட்டைத் திருப்பித் தருவதற்குக் குத்தகை என்று பெயர்! நடப்பது கிரயம், எழுதப்படுவது குத்தகைப் பத்திரம். காடும் மலையும் பொதுச் சொத்து என்று மேடைகளில் முழங்கும் நாம், அச்சொத்து எந்தப் பெயரில் யாருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் படித்துப் பார்த்ததுண்டா?

ஏரியும் காடும்

ஏற்காடு நமக்குப் புதிய ஊரன்று. நம்மில் பலருடைய பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளில் படித்தவர்கள். துறவற சபைகளின் இல்லங்கள் அங்கு உள்ளன. தியானத்திற்கென்று அந்த மலைக்குச் சென்று வந்தவர்களும் நம்மிடையே உண்டு. கோடையில் பேருந்தேறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காப்பிக் கொட்டையும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறோம். ஏரியும் காடும் சேர்ந்ததே ஏற்காடு என்பது அவ்வூர்ப் பெயருக்கு மக்கள் சொல்லும் விளக்கம். தண்ணீரும் மரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சேர்வராயன் மலைத்தொடர் சார்னோக்கைட் என்னும் மிகப் பழைமையான கடினப் பாறையால் ஆனது. ஆனால் அதன் உச்சி மேடுகளில் மட்டும், காலங்காலமாய் மழையிலும் வெயிலிலும் சிதைந்து கனிந்த செந்நிறப் படிவம் மூடியிருக்கிறது. அதுவே பாக்சைட், அலுமினியத்தின் தாய்மண். நுண்துளைகள் நிறைந்த இத்தகைய மேற்படிவம் மழைநீரை வாங்கி, தன்னுள் வைத்திருந்து, சிறிது சிறிதாய்ச் சுனைகளுக்கு விடுகிறது. இம்மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடிக் காவிரியைச் சேர்கிறது. சரபங்கா நதியும் வாணியாறும் இம்மலையின் பிள்ளைகளே. ஆக, கனிமம் இருக்குமிடமும் நீர் தங்குமிடமும் ஒன்றே. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைக்க முடியாது.

சுமார் 5300 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயில், அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு உயிரானது. இவர்கள் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர் என்பதால் அப்பெயர் பெற்றவர்கள் என்பர். மலையின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றாயிருக்கும் இடத்தில், மலையை வெட்டுவது எதை வெட்டுவது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டப்பட்ட பாக்சைட், பல்லாண்டுகள் லாரிகளில் இறங்கி, மேட்டூரில் 1960களில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியின் ஆலைக்குச் சென்றது. 1995இல் அந்நிறுவனம் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறியது. 2008இல் ஆலையின் அலுமினிய உற்பத்தி நின்றது. ஆலையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடிக்கொண்டன. மேட்டூரில் எஞ்சியது செஞ்சேற்றுக் குவியல். மலையில் எஞ்சியது வெட்டிய முகடு. நின்ற ஆலையை நாளை யாரும் மீண்டும் தொடங்கலாம். வெட்டிய முகட்டை யார் கட்டுவார்?

சட்டம் நடந்து வந்த பாதை

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டமே இந்நாட்டில் கனிமக் குத்தகைகளுக்கு அடிப்படை. முன்பு குத்தகைக்காலம் 20 முதல் 30 ஆண்டுகள். காலம் முடிந்தபின் புதுப்பிக்க வேண்டும். 2015இல் வந்த திருத்தம், ஏல முறையைக் கொணர்ந்ததோடு, குத்தகைக்காலத்தை 50 ஆண்டுகளாக்கியது. சொந்த ஆலைக்கென எடுத்திருந்த பழைய குத்தகைகள், குறைந்தது 2030 மார்ச் 31 வரையில் தாமாகவே நீட்டிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்றும் எழுதிவைத்தது. புதுப்பிக்கும் வேளை என்பது, 'இதுவரை என்ன செய்தாய்?' என்று கேட்கும் வேளை. அக்கேள்வியைச் சட்டமே தள்ளிப்போட்டது. 50 ஆண்டுகள் என்றால், கையெழுத்திட்டவரின் பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்கும் காலம்.

இதற்கு எதிரணையாக நின்றது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் காட்டைக் காடு சாராத வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு உயிரூட்டியது: ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இந்த அணையைத் தளர்த்தியது. காடாக அறிவிக்கப்பட்டவை, 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்னோ அரசுப் பதிவேட்டில் காடெனப் பதிவானவை ஆகியவற்றுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்று அது சுருக்கியது. மாநிலங்கள் கணக்கெடுத்து முடிக்கும்வரை பழைய அகராதிப் பொருளே நிற்கட்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே திருத்தத்தில் இன்னொரு வாசகமும் உண்டு. அதைக் கவனித்தவர் சிலரே. கனிமத் தேடல், துரப்பணம், நில அதிர்வு ஆய்வு போன்றவற்றை, நிபந்தனைகளோடு, 'காடு சாராத பயன்பாடு அன்று' என மத்திய அரசு ஓர் ஆணையால் விலக்கிவிடலாம்.

'தேடிப் பார்ப்பதில் என்ன தவறு?' என்று கேட்கலாம். நில அதிர்வு ஆய்வு முதன்மையாக எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கான வழி என்பதை மறக்கலாகாது. தேடலின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம்.

அலாஸ்காவின் வடகோடியில் வனவிலங்குகளுக்கென்று ஒரு புகலிடம் உண்டு. அதை விரிவாக்கிப் பாதுகாத்த சட்டமும், நம் வனச் சட்டத்தைப் போலவே, 1980இல் வந்தது. ஆனால் அச்சட்டம் சுமார் 15 இலட்சம் ஏக்கர் கடற்கரைச் சமவெளியை மட்டும், 'ஆராய்ந்து பார்க்கலாம்' என்று தனியே வைத்தது. 1980களின் நடுவில் அங்கு நில அதிர்வு ஆய்வு நடந்தது. 2017இல் அந்தச் சமவெளியில் எண்ணெய்க் குத்தகை ஏலம் நடத்தியே தீரவேண்டும் என்று வரிச் சட்டம் ஒன்றின் நடுவே எழுதிச் சேர்த்தார்கள். 2025 சனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்திற்கு ஒருவர்கூட வரவில்லை. அதற்குப் பிறகும், அதே ஆண்டு சூலையில், இன்னும் நான்கு ஏலங்கள் நடத்த வேண்டுமென்று புதிய சட்டம் கட்டளையிட்டது. கேட்பாரில்லாத நிலத்தையும் விற்றே தீர வேண்டும் என்கிறது சட்டம். அங்குக் கன்று ஈனும் கரிபு மான்களை நம்பி வாழும் குவிச்சின் மக்களின் மறுப்பு இதில் எங்கும் கணக்கில் வரவில்லை. ஆய்வுக்கென விட்ட சிறு சந்து, 37 ஆண்டுகளில் வாயிலானது.

மறுக்கும் உரிமை

நம் நாட்டில் மக்களின் மறுப்பு ஒருமுறை வென்றது. ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் பாக்சைட் முகட்டில்தான் இருந்தது. டோங்ரியா கோந்து மக்களின் நியமராசா தெய்வமும் அம்மலையில்தான் உறைகிறது. சேர்வராயனை அறிந்தவர்களுக்கு இந்த ஒற்றுமை வியப்பூட்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கொண்டு, முடிவைக் கிராமசபைகளிடம் விடுமாறு 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. வேதாந்தா குழுமத்துக்காக வகுக்கப்பட்ட சுரங்கத் திட்டம் நின்றது.

நம் மலைக்கு இந்தக் காப்பு எவ்வளவு? அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தைத் தனியாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடலாகாது என்று 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒரு சாண்கூட இல்லை. எஞ்சியது வன உரிமைச் சட்டம் ஒன்றே. காட்டை மாற்றுப் பயனுக்கு விடும்போது அதன்படி மக்கள் உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்று பார்க்கும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் விதிகள் மாநில அரசின் தலையில் வைத்து, மத்திய அனுமதிக்குப் பிந்தைய வேலையாக்கிவிட்டன. நிச்சயதார்த்தம் முடிந்தபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது இது.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்த 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்கீழ், அவ்வூரை உள்ளடக்கிய டங்ஸ்டன் பகுதியை 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்க் ஏலத்தில் பெற்றது. ஊர்கள் கொதித்தெழுந்தன, கிராமசபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9 அன்று சட்டப் பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று குறை கூறின. 2025 சனவரி 23 அன்று ஏலம் இரத்தானது. மகிழ்ச்சிதான். ஆனால் இரத்தானது ஏலம். சட்டம் அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், இத்தகைய முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. மக்கள் பேசியதால் ஒரு மலை தப்பியது. உடனே மக்கள் பேசும் இடம் எடுக்கப்பட்டது.

எதிர்வாதங்கள்

'அலுமினியம் வேண்டாமா? உங்கள் வீட்டுப் பாத்திரமும் சன்னலும் எதனால் ஆனவை?' என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. நாமும் அந்த மலையைத் தின்றவர்களே. ஒரு டன் அலுமினியத்திற்கு ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட் வேண்டும். ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்க்க, புதிதாக எடுப்பதற்காகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே போதும். தேவையை நாம் மறுக்கவில்லை. தேவை என்ற ஒரு சொல்லுக்காக எல்லா மலையையும் திறந்துவிட வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

'வெட்டிய இடத்திற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுகிறோமே' என்பார்கள். அதற்கென 2016இல் ஒரு சட்டமும் நிதியும் வந்துள்ளன. வரிசையாய் நட்ட சவுக்கும் தைலமரமும் காடாகுமா? சமவெளியில் நட்ட கன்று, சேர்வராயனின் சுனையில் நீர் ஊற வைக்குமா? தாயை இழந்த பிள்ளைக்கு ஈடாக வேறோர் ஊரில் ஒருத்திக்குத் தொட்டில் வாங்கிக் கொடுப்பதா?

நாபோத்தின் நிலம்

திராட்சைத் தோட்டம் இழந்த நாபோத்தின் வரலாற்றை நாம் அறிவோம். நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஒன்று: ஆகாபு அந்நிலத்தை வாள்முனையில் பறிக்கவில்லை. முதலில் விலை பேசினான். மாற்று நிலம் தருவதாகவும் சொன்னான். நாபோத்து மறுத்தபின், ஈசபேல் மடல் எழுதினாள், முத்திரையிட்டாள், மூப்பர்கள் கூடினர், சாட்சிகள் பேசினர். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரே ஒரு குறை: மறுக்கும் உரிமை நாபோத்துக்கு இல்லாமற்போயிற்று. மறுக்க முடியாதவனிடம் கேட்கும் கேள்வி கேள்வியன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க 2020இல் தமிழகம் வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது போல, ஆறுகள் பிறக்கும் மலைமுகடுகளைக் கனிமக் குத்தகையிலிருந்து விலக்கும் சட்டம் ஒன்று வேண்டும். காவிரியின் கீழ்மடையைக் காப்பவர் அதன் தலைமடையை விடலாமா? அடுத்து, தேடலும் துரப்பணமும் காட்டுக்குள் நுழைவதே. அதற்கும் முன் அனுமதியும் கிராமசபை ஒப்புதலும் வேண்டும். மூன்றாவது, ஐந்தாம் அட்டவணையில் இடம்பெறாத மலைமக்களின் மறுப்புக்கும் சட்ட வலிமை வேண்டும்.

இவற்றை மேலிருந்து யாரோ தருவார்கள் என்று காத்திருப்பது நம் பழைய நோய். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நம் ஊரிலேயே கிராமசபை கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் வீடு திரும்பும் நாம், அங்கு அமர்ந்து, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்ததுண்டா? ஏற்காட்டில் நிலமும் நிறுவனமும் உள்ளவர்கள், தங்கள் கிணற்றின் ஊற்று எந்த முகட்டிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அம்மலைமக்களின் கிராமசபையில் அவர்களோடு அமர வேண்டாமா?

அடுத்த கோடையில் ஏற்காட்டுக்கு ஏறும்போது, வழியில் பேருந்துச் சன்னலோரமாய்க் கீழே பாருங்கள். மலையடிவாரத்தில், பல்லாண்டுகளாய் மாக்னசைட் தோண்டிய சுண்ணாம்புக்கரட்டின் வெண்ணிறக் குவியல்கள் தெரியும். அதுவும் ஒரு காலத்தில் யாரோ குத்தகைக்கு எடுத்த நிலமே. அதைப் பார்த்தபின் தலையை உயர்த்திச் சேர்வராயன் முகட்டைப் பாருங்கள். திருப்பித் தர முடியாததைக் குத்தகைக்கு விடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பதை, அம்முகட்டில் இன்னும் எஞ்சியிருக்கும் செம்மண் நமக்கு நினைவூட்டட்டும்.